மைனஸ் அறுபது பேருக்குப் பிரியாணி

காசிமேட்டு அருள்நாதனிடம் எத்தனை என்று கேட்பவன் முட்டாள். நான் இருபது வருஷமாக அந்த முட்டாள்.

ஆள் ஊமையில்லை. ஃபைபர் படகில் கடலுக்குப் போய்த் திரும்பிக் கரையில் உட்கார்ந்தால் வாயை மூட மாட்டான். ஆனால் எண்ணிக்கை மட்டும் அந்த வாயில் வராது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்வான். பாதி, டபுள், அதைவிட ஜாஸ்தி, இதைவிட கம்மி. அவ்வளவுதான் அவன் கணக்கு.

"வஞ்சிரம் எத்தினி மாட்டிச்சு அருளு?" என்று கேட்பேன்.

"நேத்திக்கு வந்த சங்கராவுல பாதி மாமு. அப்பால உன் கையில கீற விரலையும் சேத்துக்க."

நேற்று சங்கரா எத்தனை வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் போக, எந்தக் கை என்று வேறு கேட்க வேண்டும். என் இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. புளியந்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குக் கறி வெட்டும்போது போய்விட்டது. நான் வியாசர்பாடி பக்தவச்சலம், பிரியாணி மாஸ்டர். எத்தனை பேர் என்று சொன்னால்தான் எனக்கு அரிசியே ஊறும். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு தோஸ்து வாய்த்தது என் தலையெழுத்து.

அவன் பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதைப் பார்க்க வேண்டும். "எனக்குக் குடு. அப்பால எனக்கு இன்னா குடுத்தியோ அதையே என் பொஞ்சாதிக்கும் குடு" என்பான். ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது, "பிலோமிக்கு எத்தினியோ அத்தினிதான் டாக்டர்" என்றானாம். பிலோமி அவன் மனைவி. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மாசானத்தின் டீக்கடைக் கதை காசிமேடு முழுக்கத் தெரியும். ஒரு திங்கட்கிழமை படகுக்குப் பாதி ஆட்கள்தான் வந்தார்கள் என்று, "நேத்திக்குக் குடுத்ததுல பாதி குடு" என்றான். செவ்வாய்க்கிழமையும் அதே ஆட்கள். அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான். அடுத்தடுத்த நாளும் அப்படியே. மாசானம் நேர்மையான மனுஷர். சொன்னபடி ஒவ்வொரு நாளும் முந்தின நாளில் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். சனிக்கிழமை மொத்தப் படகுக்கும் கால் கிளாஸ் டீ வந்தது. அன்றைக்கு நடந்த சண்டையில் பெஞ்சு ஒன்று உடைந்தது.

இதெல்லாம் கொழுப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிடித்த மீனை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று கரையில் பல பேர் வாயை மூடிக்கொள்வார்கள், அது சகஜம். இவன் மட்டும் டீ கிளாஸுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் ஏன் பயப்பட வேண்டும்? ஒரு நாள் அவனே சொன்னான். அவனுடைய அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கரையில் நின்று, பிள்ளைகள் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணி, நாலும் சிங்கம் என்று யாரிடமோ பெருமையாகச் சொன்னாராம். அந்த வாரமே கடலுக்குப் போன பெரியண்ணன் திரும்பவில்லை. "அன்னிலேர்ந்து எனக்கு எண்ண வராது மாமு" என்றான். அதைக் கேட்ட பிறகு அவனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

இப்படிப்பட்ட அருளின் ஒரே மகள் ஜெஸ்லின். அப்பா எப்போது வருவார், எவ்வளவு மீன் கொண்டுவருவார் என்று தெரிய வேண்டுமானால் சின்ன வயதிலிருந்தே அவள் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போட்டாக வேண்டும். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பயந்து நடுங்கிய கணக்கெல்லாம் இவளுக்கு வீட்டுப் பேச்சு. இப்போது அரசாங்க வேலைப் பரீட்சைக்குத் திருவொற்றியூரில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகிறாள். ராமு வயது சோமு வயதைவிட இரண்டு மடங்கு என்று ஆரம்பித்தாலே மீதியைப் படிக்காமல் விடை சொல்லிவிடுவாள்.

அங்கேதான் ஆண்ட்ரூவைப் பார்த்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அவனிடம் என்னம்மா பிடித்தது என்று கேட்டேன்.

"பத்து நிமிஷத்துல வரேன்னு சொன்னாரு மாமா. பத்து நிமிஷத்துல வந்தாரு" என்றாள். ஏதோ அற்புதத்தைக் கண்ணால் பார்த்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

ஆண்ட்ரூ நல்ல பையன். அவனுடைய அம்மா ரோசியைப் பற்றித்தான் எல்லோருக்கும் கிலி. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன்கடை, புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நடத்துகிற கடை. அந்த அம்மாள் விலையை முதலில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. "நீ கேளு" என்பாள். எதிராளி வாயைத் திறந்ததும் அதற்கு மேலே போவாள். அதுவாவது வியாபாரம். பெரிய மகனுக்கு எண்ணூரில் நிச்சயதார்த்தம் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் பிரியாணி பற்றாமல் போய்விட்டது. ரோசி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரையும் பசியோடு எழுப்பி பஸ் ஏற்றிவிட்டாள். அந்தச் சம்பந்தம் அன்றோடு முறிந்தது. அந்தப் பிரியாணி நான் செய்ததல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்போது புரிகிறதா? நிச்சயதார்த்தச் சாப்பாடு பெண் வீட்டுப் பொறுப்பு. குறைந்தால் ஜெஸ்லினின் கல்யாணம் போச்சு. தாராளமாகச் செய்து போடலாம் என்றால், அருளின் படகு இன்ஜின் இரண்டு மாதமாகப் பழுது, வீட்டில் கையைக் கடிக்கிறது. அளவாகச் செய்ய வேண்டும். அளவு தெரிய வேண்டும்.

ரோசி பெண் பார்க்க வந்த அன்று நானும் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வேண்டியது இரண்டே எண்கள். பெண் வீட்டில் எத்தனை பேர், மாப்பிள்ளை வீட்டில் எத்தனை பேர்.

"சம்பந்தி, உங்க பக்கம் எத்தினி பேரு வருவீங்க?" என்று அருள் ஆரம்பித்தான்.

"நீங்க எத்தினி பேருன்னு சொல்லுங்க" என்றாள் ரோசி.

"நாங்க இன்னா, உங்க ஆளுங்கள்ல டபுள்."

"நாங்க உங்கள வுட இருவது பேரு ஜாஸ்திதான் இருப்போம்."

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி."

இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள். பிலோமி எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். பேச்சு முடிந்து ரோசி கிளம்பியும் போய்விட்டாள். நான் மட்டும் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது என்ன முடிவானது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜெஸ்லினைக் கூப்பிட்டு, "கண்ணு, இதுக்கு ஒரு எக்ஸைப் போடு" என்றேன்.

அவள் வாசலில் கோலமாவை எடுத்து சிமெண்டுத் தரையில் எழுதினாள். "மாப்ள வூடு எக்ஸ். நைனா டபுள்னு சொல்லிச்சு, அப்ப நம்ப வூடு ரெண்டு எக்ஸ். அத்த, நம்பள வுட இருவது ஜாஸ்தின்னாங்க. அப்ப எக்ஸும், ரெண்டு எக்ஸ் கூட இருவதும் சமம்." விடையை எழுதிவிட்டு அதையே திரும்பப் படித்தாள்.

"இன்னா வருது?"

"மாப்ள வூட்டுல மைனஸ் இருவது பேரு மாமா. நம்ப வூட்டுல மைனஸ் நாப்பது."

"மொத்தம்?"

"மைனஸ் அறுபது."

இருபத்தைந்து வருஷமாக அடுப்புக்கு முன்னால் நிற்கிறேன். அறுபது பேருக்கு அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மைனஸ் அறுபது பேருக்கு என்ன செய்வது என்று எந்த மாஸ்டரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"அவங்க வந்து நமக்கு சமைச்சுப் போட்டுட்டுப் போவணும் மாமா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கோலமாவு ஒட்டியது. "சாப்பாடு கம்மியானா அத்த எந்திரிச்சுடுவாங்க மாமா. எனக்கு வேற யாரும் வாணாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாளே ரோசி கடைக்குப் போனேன். எத்தனை பேர் என்றேன். நீ எத்தனை பேருக்குச் செய்யப்போகிறாய் என்றாள். வாய் தவறி நூறு என்றுவிட்டேன். "நூறா? நூத்தம்பது வெச்சுக்க" என்றாள். இருநூறு என்றிருந்தால் முந்நூறு என்றிருப்பாள். ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதையும் நான் கேட்ட விலைக்குக் கொடுக்கவில்லை.

ஆண்ட்ரூவுக்குப் போன் போட்டேன். "எங்கம்மா எனக்கும் சொல்ல மாட்டேங்குறாங்க அங்கிள். ஆனா நான் வரேன். அது ஒண்ணு கன்ஃபார்ம்" என்றான். மூன்று நாள் அலைந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே எண் அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விருந்து. ராயபுரத்தில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் பாத்திரம் இறக்கி, வெங்காய மூட்டையைப் பிரித்து வைத்தாயிற்று. மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போக ரோசியும் வந்திருந்தாள். இதைவிட்டால் வேறு நேரமில்லை என்று நான் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"நம்பர் வராம அடுப்பு எரியாது" என்றேன். "என்னைப் பேஜார் பண்ணாதீங்க. கறிக்காரன் வேற போன் மேல போன் போட்டுகினு கீறான். யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்க சம்பந்தி" என்றாள் ரோசி.

அருள் உத்தரத்தைப் பார்த்தான். ஜெஸ்லின் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நைனா, நீ சொன்ன கணக்குப்படி நம்ப வூட்டுல யாருமே இல்ல. மைனஸ்ல கீறோம். நான்கூட இல்ல."

"அப்டி சொல்லாத" என்றான். "எல்லாரும் கீறோம். என்னால எண்ணத்தான் முடியல. எண்ணினா யாருக்கு இன்னா ஆவுமோன்னு பயமா கீது."

நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். "நீ எண்ணாத அருளு. பேரைச் சொல்லு, போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

பேரைச் சொல்வதில் அவனுக்குத் தடையில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். பிலோமி, ஜெஸ்லின், பிலோமியின் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் கிறிஸ்டினா, படகு ஆட்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், டீக்கடை மாசானம். ஒவ்வொரு பேருக்கும் நான் மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கூடையில் போட்டேன். பேர் சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் தன் பேரையும் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"அப்பால நீ" என்றான்.

இத்தனை வருஷத் தொழிலில் சமைக்கிறவனையும் ஆள் கணக்கில் சேர்த்த முதல் மனுஷன் அவன்தான். எனக்காக நானே ஒரு வெங்காயத்தை எடுத்துப் போட்டேன். நல்லதாகப் பார்த்துத்தான் போட்டேன்.

ஜெஸ்லின் கூடையை எண்ணினாள். எழுபத்தொன்று. அருள் காதைப் பொத்திக்கொண்டான்.

"இப்ப நீங்க சொல்லுங்கக்கா" என்று ரோசியைப் பார்த்தேன்.

"அதுக்கு மேல இருவது" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. ஆனால் மார்க்கெட்டில் கேட்கிற குரல் இல்லை அது. நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மெதுவாகக் குனிந்து மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். "ஆண்ட்ரூ" என்றாள். அடுத்தது அவள். அடுத்தது அவள் தம்பி குடும்பம். இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள். ஒன்பதாவது வெங்காயத்தை வைத்த பிறகு பத்தாவதையும் எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அதைத் திரும்ப மூட்டையிலேயே போட்டுவிட்டாள்.

"எண்ணூர்ல பசியோட எழுப்பிக் கூட்டினு வந்தேன் இல்ல, அதுலேர்ந்து வேற யாரும் வர்றதில்ல. பெரியவன்கூட" என்றாள்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நெத்திலி விலையைக்கூட மன்னித்துவிட்டேன். பிலோமி டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். நான் எழுந்து, எண்பது பேருக்கு அரிசியை அளக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி அண்டாவை, அதாவது தேக்சாவை, தம்மில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பாதிரியார் ஜெபம் செய்து மோதிரம் மாற்றியாயிற்று. மண்டபத்தின் இடது பக்கம் பெண் வீட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்ட அத்தனை பேரும் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் மடியில் ஒருவர் தோளில் ஒருவர். வலது பக்கம் வரிசை வரிசையாக வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் ரோசி பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. இடது பக்கத்தில் ஒரு கிழவி, "மாப்ள வூட்டுக்காரங்க இன்னும் வரலியா?" என்று உரக்கக் கேட்டாள். ரோசியின் கழுத்து இன்னும் கொஞ்சம் விறைத்தது. இப்போது எழுந்துவிடுவாளோ என்று நான் அடுப்பை விட்டு மணமக்கள் பக்கத்தில் வந்து நின்றேன். ஜெஸ்லின் ஆண்ட்ரூவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள் மகளிடம் போய்க் குனிந்தான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"சம்பந்தி சொன்னாங்க இல்ல, நம்பள வுட இத்தினி பேரு ஜாஸ்தின்னு. அது மெய்யாவணும். நம்ப ஆளுங்க எத்தினி பேரு அந்தப் பக்கம் போவணும்?"

தலை நிறையப் பூவும் கழுத்தில் மாலையுமாக நின்றபடியே அவள் போட்டாள். "மொத்தம் எண்பது நைனா. நம்ப பக்கம் எக்ஸுன்னா அவங்க பக்கம் எக்ஸ் கூட இருவது. ரெண்டும் சேந்தா எண்பது. அப்ப இங்க முப்பது, அங்க அம்பது. அவங்க ஒம்போது கீறாங்க." மீதியை அவன் காதில் சொன்னாள்.

அருள் நடு மண்டபத்தில் போய் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"நம்ப ஆளுங்கள்ல பாதி பேரு எந்திரிச்சு மாப்ள பக்கம் போங்க. அப்பால ஒரு கை விரலு..."

ஒரே களேபரம். எந்தப் பாதி என்று யாருக்கும் தெரியவில்லை. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். எழுபத்தொன்றில் பாதி முப்பத்தைந்தரை என்று கிறிஸ்டினா கண்டுபிடித்துச் சொன்னாள். "அரை ஆளு யாருபா?" என்று மாசானம் கேட்டார். கேட்டுவிட்டு, அது தானாக இருக்கக்கூடாதே என்று பாதி எழுந்த நிலையில் நின்றார். யார் கையைப் பார்த்து விரலை எண்ணுவது என்று படகு ஆட்கள் என் பக்கம் வேறு திரும்பினார்கள். இந்தக் கூத்தையெல்லாம் ரோசி பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று அவள் முகம் மாறுவது எனக்குத் தெரிந்தது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அருளும் அதைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"நாப்பத்தியொரு பேரு" என்றான்.

பிலோமி வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள், அவளே அதற்கு முன் அவன் வாயில் ஓர் எண்ணைக் கேட்டதில்லை.

"நாப்பத்தியொரு பேரு எந்திரிங்க" என்று இன்னும் சத்தமாகச் சொன்னான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "இன்னிலேர்ந்து நீங்க மாப்ள வூட்டு ஆளுங்க. அந்த அம்மாவுக்குப் பின்னால போயி உக்காருங்க."

சனம் எழுந்தது. ஜெஸ்லின் வாசலில் நிற்கும் கண்டக்டர் மாதிரி ஒவ்வொருவராக எண்ணி அனுப்பினாள். ரோசிக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச் கிறீச்சென்று நிறைந்துகொண்டே வந்தன. அவள் இப்போது திரும்பிப் பார்த்தாள். வரிசை முழுக்கப் பார்த்தாள். கைப்பை மடியிலிருந்து கீழே இறங்கியது.

"நாப்பதுதான் வருது நைனா" என்றாள் ஜெஸ்லின். "மீதியெல்லாம் கொழந்தைய மடியில வெச்சுகினு கீறாங்க. எந்திரிக்க முடியல."

"நாப்பதே போதும் சம்பந்தி" என்றாள் ரோசி. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் ஒன்றைக் குறைக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"அதெல்லாம் கெடையாது. சொன்னா சொன்னதுதான்" என்று அருள் சுற்றும் முற்றும் பார்த்தான். அவன் கண் என்மேல் வந்து நின்றது. "மாமு, நீயும் போ."

நான் கரண்டியோடு போய் மாப்பிள்ளை வீட்டு வரிசையில் உட்கார்ந்தேன்.